துரைசானி குளித்த அண்டா

ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டின் கூலியாட்கள் லைனில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறைதான். கிருஷ்ணம்மாளின் அறையில் அவள், புருஷன் சித்தன், இரண்டு பெண் பிள்ளைகள், மழைக்காலத்தில் நாலைந்து கோழிகள், இவ்வளவு பேரோடு ஒரு பித்தளை அண்டாவும் குடியிருந்தது. சின்ன அண்டா இல்லை. ஓர் ஆள் உள்ளே இறங்கிக் குந்தினால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். கல்யாணமாகி வந்த அன்று அதைப் பார்த்ததும், மாமியார் உயிரோடு இருந்திருந்தால்கூட இவ்வளவு இடத்தை அடைத்திருக்க மாட்டாள் என்று கிருஷ்ணம்மாளுக்குத் தோன்றியது. பிள்ளைகள் அதைச் சுற்றி வளைந்து படுத்தே வளர்ந்தார்கள்.

ஆனாலும் அண்டாவை யாரும் குறை சொன்னதில்லை. கீழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்த காலத்தில், சித்தனின் பாட்டன் அதை அடிவாரத்திலிருந்து தலையில் சுமந்து மலை ஏறினார். பாதி வழியில் கால் வழுக்கி, அண்டா பாறையில் மோதி, ஒரு பக்கம் நசுங்கியது. பாட்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஆகியிருந்தாலும் அண்டாவைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். லைன் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் பொங்கல் வைக்கும்போது, முதல் பொங்கல் அந்த அண்டாவில்தான் பொங்க வேண்டும். அது சித்தன் வீட்டு உரிமை. ஏதாவது ஒரு வருஷம் கோயில் முன்னால் அந்த வீட்டு அடுப்பு எரியாமல் போனால், உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. அடுத்த பங்காளி அங்கப்பன். அவன் ஒவ்வொரு ஆடியிலும் சித்தன் வீட்டாரின் உடல்நலத்தைத் தவறாமல் விசாரிப்பான்.

கிருஷ்ணம்மாளுக்கு வருஷம் என்பது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் காப்பிச் செடிக்கு அடியில் குனிந்து கிடப்பாள். மேஸ்திரி அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டான். ஆடிப் பொங்கலன்று மட்டும், அவள் அகப்பையை எடுத்து முதல் கரண்டியை வாழையிலையில் வைக்கும்வரை, கூலிக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாக வேண்டும். அவர் நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்து, அவள் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகத்தான் கிளறுவாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி இருக்கையில், எண்பத்தேழாம் வருஷ வாக்கில், ஏற்காட்டுப் பெரிய மனிதர்களுக்கு வரலாற்றின்மேல் ஆசை வந்தது. டாட்வெல் துரை பங்களா என்று ஒன்று சும்மா கிடந்தது. டாட்வெல் துரை யார் என்று கேட்டால் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியாது. காப்பித் தோட்டம் போட வந்தார், நஷ்டப்பட்டார், கப்பலேறிவிட்டார் என்பதோடு தகவல் முடிந்தது. அவர் போன பிறகு பங்களாவில் வெகுகாலம் வௌவால்கள் இருந்தன. மலையில் நன்றாக வாழ்ந்தவர் எவருக்கும் அருங்காட்சியகம் கிடையாது. நஷ்டப்பட்டு ஓடியவருக்கு உண்டு. கமிட்டி போட்டார்கள். கமிட்டியார் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டி வாசலில் பதித்தார்கள். திறப்பு விழாவும் நடந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே வைக்க ஒரு தொப்பியும் கை உடைந்த ஒரு நாற்காலியும் மட்டுமே இருப்பது தெரியவந்தது.

கமிட்டிச் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ், மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சரித்திரம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; கறுப்புப் பலகையில் வெள்ளை பெயிண்டால் அவர் ஒரு வரி எழுதினால், அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்தத் தகுதி போதும் என்று கமிட்டி முடிவு செய்தது. அவர் ஒரு ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு, கொட்டச்சேடு, நாகலூர் என்று லைன் லைனாகப் போனார். வீட்டில் உள்ள பழைய பொருட்களை மனமுவந்து கொண்டுவந்து கொடுக்கும்படி மைக்கில் அறிவித்தார்.

பழைய பொருளைக் கொண்டுவரச் சொல்லி லைனுக்குள் இதுவரை வந்த ஒரே ஆள், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன். அவன் சைக்கிளில் வருவான். இந்த முறை ஜீப்பில், மைக்கோடு வந்திருக்கிறான் என்றால் வியாபாரம் பெரிது, மாற்றாகக் கிடைக்கும் சாமானும் பெரிது என்றுதான் ஜனங்களுக்குப் புரிந்தது. ஓட்டை வாளி, திரி இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பு, கட்டிலின் ஒற்றைக் கால் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏற்காட்டு மக்களின் வரலாற்று உணர்வைப் பற்றிப் பிற்பாடு ஒரு கூட்டத்தில் உருக்கமாகப் பேசவும் செய்தார்.

அன்று கிருஷ்ணம்மாள் வீட்டில் இல்லை. கட்டிக்கொடுத்த மூத்த மகளின் பிரசவத்துக்குச் சேலம் போயிருந்தாள். சித்தனுக்கு வெகுநாளாக ஓர் இரும்பு பீரோமேல் கண். வருஷத்தில் ஒரு நாள் உதவுகிற அண்டாவைக் கொடுத்து, வருஷம் முழுக்க நிற்கிற பீரோவை வாங்குவது புத்திசாலித்தனமாகப் பட்டது. பொங்கலுக்குப் பித்தளையேதான் வேண்டும் என்று மாரியாத்தாள் கேட்டாளா என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அண்டாவை உருட்டிக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றினான். ஸ்தனிஸ்லாஸ் ஆனந்தக் கண்ணீரோடு அவன் தோளில் ஒரு பொன்னாடை போர்த்தி, போட்டோவும் எடுத்தார். சித்தன் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்து, அண்டா இருந்த மூலையைப் பெருக்கி, பீரோ வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பீரோ வரவில்லை, கிருஷ்ணம்மாள்தான் வந்தாள். காலி மூலையைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய பொன்னாடையைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பொன்னாடையை எடுத்து அடுப்புத் துணியாக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏற்காட்டுக்குக் கிளம்பினாள்.

பங்களாவின் நடுக்கூடத்தில், வெல்வெட் விரித்த மேடையில் அண்டா உட்கார்ந்திருந்தது. பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் நூறு வருஷத்துக் கரி போய்ப் பளபளவென்று மின்னியது. பக்கத்தில் ஸ்தனிஸ்லாஸின் கையெழுத்தில் பலகை. கிருஷ்ணம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ‘டாட்வெல் துரைசானி நீராடிய தொட்டி. பக்கவாட்டில் காணும் குழிவு, அம்மையார் முழங்கை ஊன்றிச் சாய்வதற்காக அமைக்கப்பட்டது.’

“ஏனுங் சார், இது எங்கூட்டுப் பொங்க அண்டாங்க,” என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். உங்கள் வீட்டிலிருந்து வந்தது உண்மைதான், ஆனால் உங்கள் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தாயா என்று கேட்டார். கூலி ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாத்திரம்? தலையில் சுமந்து வந்தது உன் மாமனாரின் அப்பாவாக இருக்கலாம். யாருக்காகச் சுமந்தார் என்பதுதான் கேள்வி. துரைக்குக் கல்யாணம் ஆனதா என்பது ஸ்தனிஸ்லாஸுக்கே தெரியாது. இருந்தாலும் இவ்வளவு பெரிய பங்களாவில் ஓர் அம்மா இல்லாமல் இருந்திருக்க முடியாது என்று அவர் நம்பினார். அம்மா இருந்தால் குளித்துத்தானே ஆக வேண்டும்? அவர் பேசப் பேச, கிருஷ்ணம்மாளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது.

திருப்பிக் கொடுக்க முடியாது என்று அவர் தீர்மானமாகச் சொன்னார். உள்ளே வந்த பொருள் மக்கள் சொத்து; மக்கள் சொத்தை மக்கள் எடுத்துக்கொண்டு போக முடியாது. அவள் அழாத குறையாக நின்றதைப் பார்த்து, ஆடி மாதம் வரட்டும், ஏதாவது செய்யலாம் என்று சமாதானமும் சொன்னார். பங்களாவைப் பெருக்கித் துடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அண்டாவின் பக்கத்திலேயே இருந்தால் ஆடிவரை அதற்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம், செயலாளர் மனசையும் கரைக்கலாம் என்று கணக்குப் போட்டு, கிருஷ்ணம்மாள் அந்த வேலையில் சேர்ந்தாள்.

முதலில் துடைப்பம்தான். பிறகு, ஸ்தனிஸ்லாஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் டூரிஸ்ட் யாராவது வந்தால், பலகையில் உள்ளதைச் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. செயலாளரின் மனசு குளிரட்டும் என்று அவளும் சொன்னாள். ஆனால் பலகையில் இருந்தது இரண்டே வரி. ஜனங்கள் அண்டாவைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். இன்னும் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

பிறந்ததிலிருந்து கிருஷ்ணம்மாள் பேசுவதற்காக நாலு பேர் காத்து நின்றது கிடையாது. ஆடிப் பொங்கலன்றுகூட அவள் கரண்டிக்காகத்தான் காத்து நின்றார்கள். சும்மா இருக்க முடியுமா? துரைசானி வெந்நீரில் காப்பிப்பூவைப் போட்டுத்தான் குளிப்பாள் என்றாள். மறுநாள் யூகலிப்டஸ் இலையும் சேர்ந்தது. பிறகு துரைசானிக்குப் பிள்ளை இல்லை என்றாயிற்று. துரைக்குத் தெரியாமல் தொட்டிக்குள் உட்கார்ந்து அழுவாள், கண்ணீர் வெந்நீரோடு போய்விடும், குளித்து எழுந்து சிரித்த முகமாக வெளியே வருவாள் என்றாயிற்று. சேலத்துக் கல்லூரிப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் அண்டாவோடு போட்டோ பிடித்துக்கொண்டார்கள். படகு விடும் ஏரிக்கு அடுத்தபடியாக ஏற்காட்டில் அண்டாதான் என்று பஸ் டிரைவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் குறுக்கே பேசாமல் பின்னால் நின்று கேட்டார். காப்பிப்பூவைப் பலகையிலும் ஏற்றினார்.

பெருமை தாங்காமல் அவள் ஒரு தப்பும் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் ஜனத்தையே வரச்சொல்லி, டிக்கெட் இல்லாமல் உள்ளே விட்டாள். பக்கத்து வீட்டு மல்லிகா வந்தாள். கோயில் பூசாரி ஐயாக்கண்ணு வந்தார். அங்கப்பன் தன் மச்சான் குடும்பத்தோடு வந்தான். அவர்கள் முன்னால் கிருஷ்ணம்மாள் அன்றைக்குச் சொன்ன மாதிரி துரைசானி கதையை அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. மல்லிகா தேம்பித் தேம்பி அழுதாள். அங்கப்பன் அழவில்லை, பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தான்.

ஆடி பிறந்தது. பொங்கலுக்காக ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அண்டாவைக் கொடுக்கும்படி கிருஷ்ணம்மாள் கேட்டாள். ஸ்தனிஸ்லாஸ் விதியைச் சொன்னார். அன்று டூரிஸ்ட் வந்தபோது அவள் கதை சொல்லாமல் தரையைத் துடைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. துரைசானி கதைக்காக வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். ஒரு டாக்டர் குடும்பம் கமிட்டித் தலைவரிடமே புகார் செய்தது. செயலாளர் இறங்கிவந்தார். ஆனாலும் வாசல் வழியாகப் பொருள் வெளியே போனால் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி கூடினால் சண்டை வரும். ஆகவே மக்கள் சொத்து பின்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியேறியது. காலி மேடையில், ‘பராமரிப்பில் உள்ளது’ என்று அழகான எழுத்தில் ஒரு பலகை வைக்கப்பட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கிய சித்தன், அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். கொடுத்தவனே சுமக்கட்டும் என்று கிருஷ்ணம்மாள் கைகொடுக்கவில்லை.

பொங்கலன்று விடிந்ததும் குளித்து, மஞ்சள் பூசி, கோயில் முன்னால் கல் கூட்டி அண்டாவை ஏற்றினாள். புகை கிளம்பியது. அடுப்பு எரிகிறது, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தபோதே அங்கப்பன் முன்னால் வந்தான். மிகவும் பணிவாகத்தான் பேசினான்.

“அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. வெள்ளைக்காரி உக்காந்து குளிச்ச தொட்டிங்க இது. இதுல ஆத்தாளுக்குப் பொங்க வெக்கலாமுங்களா?”

இது நம்ம அண்டா, போன வருஷம் இதில்தானே தின்றாய் என்று அவள் கேட்டாள். போன வருஷம் தெரியாமல் தின்றோம், இப்போது தெரிந்துவிட்டதே என்றான் அங்கப்பன். வருஷா வருஷம் அந்த அண்டாவுக்கு விறகு எடுத்துக் கொடுத்த கிழவி ஒருத்தி கிட்டே வந்து பார்த்தாள். நம்ம அண்டா கரிக்கட்டையாக இருக்கும், இது தங்கமாக மின்னுகிறது, இது வேறு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கிருஷ்ணம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, அதுவரை ஒருவரிடமும் ஒத்துக்கொள்ளாததைச் சொன்னாள்.

“அது அத்தனையும் பொய்யுங்க. வர்றவங்க கேக்கறாங்கன்னு நானாச் சொன்னதுங்க. துரைசானியும் இல்ல, ஒருத்தியும் இல்லீங்க.”

மல்லிகாவின் முகம்தான் முதலில் மாறியது. தான் ஏமாந்து அழுததாக அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

“பொய் சொல்றவங்க அப்படியா சொல்லுவாங்க அக்கா? நீங்க இப்பத்தான் பொய் சொல்றீங்க,” என்றாள்.

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். ஐயாக்கண்ணு இருபக்கமும் தலையாட்டிப் பழக்கப்பட்ட மனிதர். அண்டா எதுவென்று ஆத்தாளுக்குத் தெரியும் என்றார். ஆனால் படித்தவர்கள் பலகையில் எழுதியதை ஆத்தாள்கூட மாற்ற முடியாதே என்றும் சொன்னார். அங்கப்பனின் மனைவி அதற்குள் புது எவர்சில்வர் அண்டாவை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல், தயாராகக் கொண்டுவந்து நின்றாள். முதல் பொங்கல் அதில் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். எஸ்டேட் ரைட்டர் கையைக் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றார்.

கிருஷ்ணம்மாளின் அண்டாவும் பொங்கி வழிந்தது. குலவை போட ஆள் இல்லை. அவள் தானே போட்டுப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். சித்தன் ஓர் இலையைப் போட்டு எதிரே உட்கார்ந்து, போடு புள்ள, நான் திங்கறேன் என்றான். ஊர் தின்கிற பொங்கலை ஒரு மனிதன் எவ்வளவு தின்ன முடியும்? பாவம், மூச்சு முட்டும்வரை தின்றான். பீரோவுக்கு ஆசைப்பட்டதற்கு அவன் கேட்ட மன்னிப்பு அதுதான். அன்றைக்கு அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. வேறு யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அண்டா மறுபடி ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. மறுநாளே சென்னையிலிருந்து ஒரு பஸ் வந்தது. ஸ்தனிஸ்லாஸ் கண்ணைக் காட்டினார். கிருஷ்ணம்மாள் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்: இது துரைசானி குளித்த தொட்டி இல்லை, எங்கள் வீட்டுப் பொங்கல் அண்டா, என் புருஷனின் பாட்டன் சுமந்து வந்தபோது பாறையில் மோதித்தான் நசுங்கியது.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கா டிக்கெட் என்று ஒருவர் கேட்டார். ஸ்தனிஸ்லாஸ், அம்மாவுக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை என்று மெல்லச் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், இரக்க குணம் உள்ளவர், அவளுக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டி, பலகையில் விரல் வைத்து, முழுவதையும் அவளுக்காக நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். கிருஷ்ணம்மாள் கைகட்டி நின்று கடைசி வரிவரை கேட்டாள்.

லைனில் இது இனிப் பொங்கல் அண்டா இல்லை. இங்கேயும் துரைசானியின் தொட்டி இல்லை என்று ஆகிவிட்டால், இது எதுவுமே இல்லை. ஸ்தனிஸ்லாஸ் வேறொரு தொட்டியைத் தேடிக்கொண்டு, இதை எடுத்துப் பின்கட்டில் போட்டுவிடுவார். அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்டாவின் விளிம்பில் கையை வைத்தாள்.

“ஐயா படிச்சது சரிதானுங்க,” என்றாள். “ஊருக்குப் போறப்ப துரைசானி இதையும் கூடவே கொண்டுட்டுப் போகோணும்னு எவ்வளவோ கெஞ்சுனாங்களாம். கப்பல்ல இதுக்கு எடமில்லைன்னு சொல்லிப்போட்டாங்களாமுங்க.”